படம் போதாது, மாதிரி வேண்டும்

சைனிக்புரி போன்ற மரங்கள் மிகுந்த குடியிருப்புகளில், மழை ஓய்ந்த சில நாட்களில் பட்டுப்போன அடிமரங்களின் மீது பழுப்புத் தூரிகை போன்ற சிறு கொத்துகள் தென்படக்கூடும். அவற்றைக் கைபேசியில் படமெடுத்து, செயலி காட்டும் பெயருடன் பகிர்ந்துவிட்டால் இனம் கண்டறியப்பட்டுவிட்டது என்று கருதும் போக்கு மாணவர்களிடையே வளர்ந்து வருகிறது. கல்லூரி ஆய்வறிக்கைகளிலும் இது நுழையுமானால் வகைப்பாட்டியலுக்கு நேரும் இழப்பு சிறிதன்று.

அந்தத் தூரிகைகள் ஸ்டெமோனிட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்த சளிப்பூஞ்சைகள் என்று சொல்லப் படமே போதும். எந்த இனம் என்பதற்குப் போதாது. ஃபஸ்காவின் ஸ்போர்களில் வலைப்பின்னல் போன்ற வரிகள் உண்டு. ஆக்ஸிஃபெராவின் ஸ்போர்களோ ஏறக்குறைய வழுவழுப்பானவை, 5 முதல் 7 மைக்ரோமீட்டர் அளவினவை. இவ்வேறுபாட்டை நுண்ணோக்கி மட்டுமே காட்டும். ஊர்ந்து திரியும் பிளாஸ்மோடியம் நிலையிலோ, தோற்றத்தைக் கொண்டு இனத்தை உறுதிசெய்வது பெரும்பாலும் இயலாது.

தென்னிந்தியச் சளிப்பூஞ்சைகளை 1950களில் அக்னிஹோத்ருடு ஆராய்ந்தார். கே. எஸ். திந்த் 1977இலும், லக்கன்பால், முகர்ஜி இருவரும் 1981இலும் இந்திய இனங்களைத் தொகுத்து நூலாக்கினர். இத்தகைய பதிவுகளை இன்று சரிபார்க்க வேண்டுமானால் மாதிரிகள் இருந்தாக வேண்டும். 1753இல் லின்னேயஸ் விவரித்த லைகோகாலா எபிடெண்ட்ரம், உலகெங்கும் பரவிய ஒரே இனமாக நெடுங்காலம் கருதப்பட்டது. அப்பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருப்பதை அண்மைக்கால டி.என்.ஏ. ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே அப்பெயரிலான பழைய பதிவுகள் யாவும் மறுஆய்வுக்குரியவை. மாதிரி இருந்தால் அது இயலும். படம் மட்டும் எஞ்சியிருந்தால் ஐயமே எஞ்சும்.

படமே வேண்டாம் என்பதன்று வாதம். இளங்கனியுறுப்பின் நிறம் உலர்ந்தபின் மறைந்துவிடுவதால், அதைக் காக்கப் படம் இன்றியமையாதது. ஆயினும் அது மாதிரிக்குத் துணையேயன்றி மாற்று அன்று. புதிய இனம் என அறிவிப்பதற்கோ விதிகள் இன்னும் கடுமையானவை: மூலவகை மாதிரி ஒன்று ஹெர்பேரியத்தில் வைக்கப்பட வேண்டும், இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ விளக்கம் வேண்டும், 2013 முதல் பதிவெண்ணும் வேண்டும்.

செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை. கனியுறுப்பை அது வளர்ந்த மரத்துண்டுடன் எடுத்து உலர்த்தி, தீப்பெட்டிக்குள் ஒட்டி, இடம், நாள், வளர்ந்த பொருள் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். மழைக்காலத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. கில்பர்ட், மார்ட்டின் இருவரும் 1933இல் அறிமுகப்படுத்திய ஈர அறை முறைக்கு ஒரு பெட்ரி தட்டு, வடிதாள், மரப்பட்டைத் துண்டு, நீர் ஆகியவை போதும்.

ஆய்வறிக்கைக்கு மதிப்பெண் இடும் துறைகள், 'புதிய பதிவு' என்ற தலைப்பைப் பார்ப்பதற்கு முன் மாதிரியின் எண்ணைக் கேட்க வேண்டும். எண் இல்லாத பதிவைப் பேரின அளவிலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். 'ஸ்டெமோனிட்டிஸ், இனம் உறுதியாகவில்லை' என்று எழுதுவது தோல்வியன்று. தவறான இனப்பெயரைக் காட்டிலும் அது பயன்மிக்க தரவு.