வலி மாத்திரையும் அரைப் பேரும்

காலைப் பிரட்டுக்கு முன்னரே ஒரு வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மலைக்கு ஏறும் பெண்கள் இன்று எல்லா டிவிசனிலும் இருக்கிறார்கள். நிறை குறைந்தால் அரைப் பேர்தான் விழும் என்ற பயமே பலருக்கு இதைப் பழக்கியிருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல நாம் இதை எழுதவில்லை.

டைக்ளோபினாக், இபுபுரோபன், மெபெனமிக் அசிட் ஆகியவை சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் சில நாட்கள் பாவிக்கும் மருந்துகள். மாதக்கணக்கில் விழுங்கினால் நிலைமை வேறு. வலியை உண்டாக்குவதில் பங்குள்ள அதே இரசாயனம்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயையும் விரித்து வைக்கிறது. மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்தே அடக்குகிறது. வயிற்றில் புண் வரும். சிலருக்கு வலியே தெரியாமல் இரத்தம் கசியும். ஏற்கெனவே இரத்தசோகை உள்ளவர்களுக்கு இது சிறிய விடயமல்ல. மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்பதும் பிழை.

சிறுநீரகத்தின் கதை இன்னும் மோசம். மலையில் மலசலகூடம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே கொழுந்து எடுப்பவர்கள் எத்தனை பேர்! உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் இந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தை மேலும் குறைக்கிறது. பிரஷருக்கு லொசார்டன், எனலாப்ரில் போன்றவற்றோடு நீர் போகும் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. பிரஷரும் ஏறும். கடுமையான இதய நோய் உள்ளவர்கள் டைக்ளோபினாக் பாவிக்கக் கூடாதென ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2013இலேயே அறிவுறுத்தியது. காய்ச்சல் என்றால், டெங்கு இல்லையென்று தெரியும்வரை இவற்றைத் தொடவே வேண்டாம். பனடோல் மட்டும், அதுவும் அளவோடு.

கிளினிக் போகும்போது கொப்பியோடு பாமசியில் வாங்கிய மாத்திரை அட்டையையும் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள். பெயர் எழுதாத உறையில் தரும் மாத்திரையை வாங்காதீர்கள். டொக்டர் தந்த பிரஷர் மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அரச ஆஸ்பத்திரியில் காட்டக் காசு இல்லை. ஆனால் அன்றைய பேர் போய்விடுகிறது. அதனால்தான் பாமசி மாத்திரை சுலபமாகிறது. ஆகவே நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இதுதான்: கிளினிக் நாளுக்குப் பேர் போட வேண்டும், டொக்டரின் கடிதம் உள்ளவர்களுக்கு இலகு வேலை தர வேண்டும், நிறை குறைந்தாலும் அவர்களுக்கு அரைப் பேர் போடக் கூடாது, மலைகளில் மலசலகூடமும் குடிநீரும் வேண்டும். டிவிசன் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் இம்மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எடுத்து, கையெழுத்துகளோடு கிளைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள்.