குழந்தைக்கு முதலில் குடும்பம், பிறகே இல்லம்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் பிறந்துவிட்டால் பங்கு இல்லங்களுக்கு ஒரே மாதிரியான வேண்டுகோள் வரத் தொடங்கும். "சாமி, இந்தப் பிள்ளையை நம்ம சிஸ்டருங்க இல்லத்துல சேர்த்துவிடுங்க. அப்பா இல்லாத பிள்ளை." கேட்பவர் பெரும்பாலும் தாயாகவோ பாட்டியாகவோ இருப்பார். கணவரை இழந்தவர், கணவரால் கைவிடப்பட்டவர், ஒப்பந்தக் கூலியில் நாளைத் தள்ளுகிறவர் என எத்தனையோ பேர். இப்படிக் கேட்பதில் தவறில்லை. பல தலைமுறைகளாக ஆதரவற்ற குழந்தைகளுக்குத் திருச்சபை கதவைத் திறந்து வைத்திருந்தது. அந்த நம்பிக்கையில்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு நாம் தரும் பதில் மாற வேண்டிய காலம் வந்திருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டம், 2015, குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை எங்கே வைப்பது என்பதைப் பங்குத்தந்தையோ, இல்லத் தலைவியோ முடிவு செய்ய இயலாது. அந்தப் பொறுப்பு மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்கு உரியது. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட இக்குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு. ஆதரவின்றிக் காணப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இக்குழுவின் முன் நிறுத்த வேண்டும். பதிவு செய்யாமல் இல்லம் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். படிப்பதற்காகத் தங்கும் விடுதிகளுக்கும் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் இருக்கிறது.

"நம் பணிகளை முடக்கத்தான் இதெல்லாம்" என்று நம்மில் சிலர் வருந்துவதுண்டு. நடந்ததை நினைத்துப் பார்ப்போம். மாமல்லபுரம் பகுதி ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக ஓர் இதழில் வந்த கட்டுரையின் அடிப்படையில், 2007-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2017 மே 5 அன்று தீர்ப்பு வந்தது. நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், ஆய்வு செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது. இந்த ஆணையில் மத வேறுபாடு இல்லை. யாரும் கேள்வி கேட்காத சுவருக்குள் குழந்தை பாதுகாப்பாக இருக்காது என்பதே அதன் சாரம். நல்ல முறையில் நடக்கும் இல்லம் ஆய்வுக்கு அஞ்சத் தேவையில்லை.

ஆழிப்பேரலை தந்த பாடம்

நம் கடலூர் மாவட்டம் இதை 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நேரில் கண்டது. பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தத்தெடுக்கப் பலர் முன்வந்தார்கள். நல்ல மனம் கொண்டோர் பலர் இருந்தாலும், அந்தக் குழப்பத்தில் குழந்தை யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் போகும் ஆபத்தும் இருந்தது. எனவே அரசு அவசரத் தத்தெடுப்பை அனுமதிக்கவில்லை. கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தனி இல்லங்களைத் திறந்தது. உறவினர் வீட்டில் வளரும் குழந்தைகளுக்கும் உதவியது. 2021-இல் கொரோனாவால் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையைத் தமிழ்நாடு அரசு அறிவித்தபோது, உறவினர் பராமரிப்பில் வளர்வோருக்கு மாதந்தோறும் உதவித்தொகையையும் சேர்த்தே அறிவித்தது.

விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. நாணல் பேழையில் அழுத மோசேயைப் பார்வோனின் மகள் கண்டெடுத்தாள். ஆனால் பாலூட்டி வளர்க்கும் பொறுப்பு குழந்தையின் சொந்தத் தாயிடமே வந்து சேர்ந்தது. அதற்குக் கூலி கொடுத்தது அரண்மனை! தாய் யார் என்பது இளவரசிக்குத் தெரியாது. தூரத்தில் நின்று பார்த்திருந்த அக்காள்தான் இருவரையும் இணைத்தாள். குழந்தை தாயின் மடியிலும், செலவு வசதி உள்ளவரின் கையிலும் இருந்தன.

அந்தக் கூலிக்கு இன்று சட்டப்படியான வழி இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கும், உறவினரிடம் வளரும் பெற்றோரற்ற பிள்ளைக்கும் மாதம் 4,000 ரூபாய் பெற வழியுண்டு. குடும்ப ஆண்டு வருமானம் ஊரகத்தில் 72,000 ரூபாயையும், மற்ற இடங்களில் 96,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகச் செல்லும்.

இங்கேதான் நெய்வேலிக்காரர்களான நமக்கு ஒரு சிக்கல். நகரியத்தில் தெருவிளக்கு, குடிநீர், குடியிருப்பு என எதற்கும் நிறுவனத்தின் நகர நிர்வாகத்தையே தேடிப் பழகிவிட்டோம். குழந்தைகள் பாதுகாப்போ மாவட்ட நிர்வாகத்தின் பணி; அதற்குக் கடலூருக்குப் பேருந்து ஏற வேண்டும். சான்றிதழ் வாங்க வேண்டும். விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும். அன்றாடக் கூலியை இழந்து ஒரு தாய் எத்தனை முறை அலைவார்? அலைய முடியாமல்தான் பிள்ளையோடு நம் வாசலுக்கு வருகிறார். வறுமைக்காகப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டு, அதற்கு இரக்கம் என்று நாம் பெயர் வைக்கலாமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குடும்பம் முதலில் என்றால் குடும்ப மானம் முதலில் என்று பொருளல்ல. அடி, பட்டினி, பாலியல் கொடுமை நடக்கும் வீட்டில் குழந்தையை விட்டுவைப்பது பாவம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். வீட்டுக்கும் பள்ளிக்கும் விடுதிக்கும் ஆலயத்துக்கும் இது பொருந்தும். பெரியவர்கள் கூடிப் பேசி முடிக்கும் காரியமல்ல இது. 1996-இல் மும்பையில் தொடங்கிய 1098 உதவி எண்ணை 2023 முதல் அரசே நடத்துகிறது. யாரும் எந்நேரமும் அழைக்கலாம். வீடே ஆபத்தான குழந்தைக்கு இல்லம் தேவை. அதற்காகவே நம் இல்லங்களின் இடங்களைக் காத்து வைப்போம்.

ஆகவே, அன்புக்குரியவர்களே, அக்காள் செய்த வேலையை நம் அன்பியங்கள் செய்யலாம். தனியே பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் நம் வட்டத்தில் எத்தனை என்று கணக்கெடுங்கள். விவரம் தெரிந்த ஓய்வுபெற்ற ஊழியர்கள் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, தாயுடன் கடலூர் வரை சென்று வரட்டும். உதவி வந்து சேரும்வரை வீட்டு வாடகையையும் பள்ளிச் செலவையும் வின்சென்ட் தே பால் சபையினர் தாங்கட்டும். 1098 என்ற எண்ணை மறைக்கல்விப் பிள்ளைகள் அனைவரும் மனப்பாடமாகச் சொல்லட்டும். அடுத்த அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்ததும் கலைந்துவிடாமல், இந்த ஒரு காரியத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.