வீட்டுத் தோட்டம்: டிசம்பர்ப் பூ

மார்கழிக் குளிரில் மல்லிகை விளைச்சல் குன்றும். விலையோ நம் போன்றோர்க்கு எட்டாத உயரம் ஏறும். அந்நாளில் நம் பெண்மக்களின் கூந்தலுக்குக் குறைவின்றிப் பூ அளிப்பது டிசம்பர்ப் பூ. ஊதா, வெண்மை, இளஞ்சிவப்பு என நிறங்கள் உண்டு. மணம் மட்டும் இல்லை.

சொந்த நிலமில்லாதார்க்கு ஏற்ற செடி இது. தேயிலைத் தோட்டத்து லயமாயினும், ரயில்வே குடியிருப்பாயினும், நமக்கு வாய்ப்பது சுவரோரத்து இரண்டு முழ மண்ணே. பாதிநேரம் நிழல் விழும் அவ்விடம் இதற்குப் போதும். முழு இருட்டில் மட்டும் பூ குறையும்.

ஆனி மாத மழையில், முற்றிய தண்டை ஒரு சாண் அளவில் நறுக்கி, இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு நட்டால் வேரோடும். பூத்து ஓய்ந்தபின், மாசியில் பாதியளவு கழித்துவிட வேண்டும். புதிய கிளைகளில் மறு ஆண்டு பூ நிறையும். இவ்வாறு பல ஆண்டுகள் வாழும்.

பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் வறண்ட கீழைக்காற்று வீசும். ஆதலால் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அன்பர்கள் செடிக்குக் கிழக்கே ஒரு மறைவு இருக்குமாறு நடுக. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாற்றில் சில ஆண்டுகளில் உறைபனி விழுகிறது. அங்குள்ளோர் தொட்டியில் வைத்து இறவாரத்தின்கீழ் ஒதுக்குவது நலம்.

1753-இல் லின்னேயஸ் இதற்குப் பார்லேரியா கிரிஸ்டேட்டா எனப் பெயரிட்டார். ஆங்கிலத்தில் பிலிப்பைன்ஸ் வயலட் என்பர். ஆயினும் பிலிப்பைன்ஸ் இதன் தாயகமன்று; இந்தியாவிலும் தென்சீனம் வரையுள்ள நாடுகளிலும் இயல்பாக வளர்வது. வயலட் இனமுமன்று, மூணாற்று மலைகளில் 2018-இல் பூத்த நீலக்குறிஞ்சியின் குடும்பத்தது. குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். இதுவோ ஆண்டு தவறாது பூக்கும்.

மணமின்றி விரைவில் வாடுவதால் வியாபாரிகள் இதனைப் பெரிதும் நாடுவதில்லை. கைமாறிக் கைமாறியே இது பிழைத்து வருகிறது. நமக்கு மாற்றல் வந்தபோதெல்லாம், தட்டுமுட்டுச் சாமான்களோடு ஈரச்சாக்கில் சுற்றிய நான்கு கொம்புகளும் வண்டியேறின. பணி ஓய்வு பெற்று லயத்தை விட்டிறங்கும் குடும்பங்கள் மலைகளில் பல. அவர்கள் போனபின் வாசற்செடி என்னவாகும் என்பதை யாரறிவார்? ஆகவே வீடு காலி செய்யும் அன்பர்கள் ஒரு கொம்பை உடன் கொண்டுசெல்க. ஒன்றை அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்க.