தேடாமலே ‘கசிவு இல்லை’ என்பவருக்கு

மும்பை பெட்ரோல் பங்க்குகளின் நிலத்தடித் தொட்டிகளைச் சுற்றி மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கச் சொல்வது தொழிலை நசுக்கும் வேலை என்று எழுதியிருக்கிறார், அந்தத் தொழிலில் பழுத்த ஒருவர். தினமும் கோல் விட்டு அளக்கிறோம், ஒரு லிட்டர் குறைந்தாலும் தெரிந்துவிடும். தண்ணீரில் கலந்தால் மூக்கே சொல்லிவிடும். அப்படியே கலந்தாலும் மும்பையில் நிலத்தடி நீரை யார் குடிக்கிறார்கள் என்கிறார். மூன்றும் தவறு. மூன்றாவதில் ஈவிரக்கமும் இல்லை.

கோலையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மீட்டர் விட்டம், ஆறரை மீட்டர் நீளம், படுக்கைவசத்தில் புதைத்த தொட்டி. சுமார் 20,000 லிட்டர் பிடிக்கும். பாதி நிரம்பியிருக்கும்போது கோலில் ஒரு மில்லிமீட்டர் என்பது 13 லிட்டர். ஈரக் கோட்டை அந்தத் துல்லியத்தில் எந்தக் கண் படிக்கும்? வெயிலில் பெட்ரோல் விரியும், ஆவியாகும். அதற்கென்று இருப்புக் கணக்கில் கழிவும் விடுகிறார்கள். தினம் ஐந்து லிட்டர் மண்ணில் இறங்கினால் அந்தக் கழிவிலேயே மறைந்துவிடும். வருடத்துக்கு அது 1,825 லிட்டர்.

அடுத்து மூக்கு. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும். தண்ணீரில் கரைந்து தூரம் போகும். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் மூக்குக்கு அது எட்ட வேண்டுமானால் இந்த அளவைப் போல நூறு மடங்குக்கும் மேல் கலந்திருக்க வேண்டும். வாடை வரும்வரை காத்திரு என்பது, விஷத்தைக் குடித்துக்கொண்டே இரு என்பதுதான்.

இது வெறும் பயமில்லை. சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் போர்வெல் தண்ணீரோடு எரிபொருள் வந்தது. பாரத் பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மண்ணில் இறங்கியதை அப்புறப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அமெரிக்கா 1984இல் சட்டம் போட்டு நிலத்தடித் தொட்டிகளை ஆராயத் தொடங்கியது. இதுவரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதியாகியிருக்கின்றன. அங்கேயும் பங்க்காரர்கள் கோல் விட்டு அளந்துகொண்டுதான் இருந்தார்கள்.

‘யார் குடிக்கிறார்கள்’ என்ற மூன்றாவது வாதத்துக்கு வருவோம். மும்பைக்கு ஏழு ஏரித் தண்ணீர் உண்டு, உண்மை. ஆனால் 2025 ஏப்ரலில் டேங்கர்காரர்கள் சில நாள் லாரியை நிறுத்தியதும், மாநகராட்சி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தையே கையில் எடுக்க வேண்டி வந்தது. அந்த லாரிகளில் பெரும்பாலும் நிரம்புவது கிணற்று நீரும் போர்வெல் நீரும்தான். எங்கள் தாராவிக்கு வாருங்கள். சந்துகளில் சாக்கடையை ஒட்டியே கிடக்கிறது குடிநீர்க் குழாய். தண்ணீர் வருவது சில மணி நேரம். மற்ற நேரம் அழுத்தமில்லாத குழாய், விரிசல் வழியாக வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். பிளாஸ்டிக் குழாய்க்கு விரிசல்கூடத் தேவையில்லை, பென்சீன் அதன் சுவரையே ஊடுருவும். ‘கருங்கல் பூமி, எதுவும் பரவாது’ என்ற வாதமும் நிற்காது: மும்பையின் எரிமலைப் பாறையில் நீர் ஓடுவதே வெடிப்புகள் வழியாகத்தான். தாராவியோ மித்தி ஆற்றோரச் சதுப்பைத் தூர்த்து எழுந்த ஊர்.

கசிவை நிரூபித்துவிட்டு வாருங்கள், பிறகு சோதிக்கலாம் என்கிறார். சோதிக்காமல் நிரூபிப்பது எப்படி? வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் செய்பவருடையது. பாலாற்றுப் படுகையில் கிணறுகள் பாழான பிறகு வந்த தீர்ப்பு அது.

நாங்கள் கேட்பது ஒவ்வொரு பங்க்கிலும் கண்காணிப்புக் கிணறுகள், தொட்டிக்கு அழுத்தச் சோதனை, மண்ணில் தேங்கும் ஆவிக்கு ஒரு சோதனை. செலவு தாங்காது என்கிறாரே, பெரும்பாலான பங்க்குகளில் தொட்டி எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. பணத்தை அவர்களிடம் கேட்க வேண்டியதுதானே? அவர்களிடம் கேட்க வராத வாய், தாராவிக்காரனிடம் மட்டும் ஆதாரம் கேட்கிறது.