பச்சைக் கட்டமும் பழகாத கண்ணும்

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி நேற்றுச் சேர்ந்த பயிற்சி மருத்துவரும் கொலோனோஸ்கோப்பியில் நிபுணருக்கு நிகராகிவிடுவார் என்றோர் ஆரவாரம் கேட்கிறது. ஜமுனாமரத்தூருக்கே நகரத்து நிபுணர் குடிவந்துவிட்டதைப்போலச் சிலர் மெய்சிலிர்க்கிறார்கள். இந்த ஆரவாரத்தில் பயிற்சி என்ற சொல்லின் பொருள் காணாமல் போய்விட்டது.

அக்கருவி செய்வது என்ன? பெருங்குடலின் உட்சுவரைக் காட்டும் திரையில், பாலிப் என்று தான் ஐயுறும் இடத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டமொன்றை வரைகிறது. பாலிப்புகளில் அடினோமா என்னும் வகை நாளடைவில் புற்றுநோயாகக் கூடும். ஆகவே இவ்வுதவி சிறிதன்று. கருவியின் துணையோடு கூடுதல் அடினோமாக்கள் சிக்குகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் திரைக்கு வராததைக் கருவி காணாது. குடல் மடிப்புகளை விலக்கிப் பார்ப்பதும், கழுவிப் பார்ப்பதும், அவசரமின்றிக் குழாயை வெளியே இழுப்பதும் மருத்துவரின் கைப்பழக்கம்.

2025 ஆகஸ்டில் லான்செட் குழும இதழொன்றில் போலந்து நாட்டு ஆய்வொன்று வெளியானது. நான்கு மையங்கள், ஒவ்வொருவரும் இச்சோதனையை 2000 முறைக்குமேல் செய்திருந்த 19 மருத்துவர்கள். கருவி வருமுன் அடினோமா கண்டறியப்பட்ட விகிதம் 28.4 விழுக்காடு. கருவி வந்தபின், அதன் துணையின்றிச் செய்த சோதனைகளில் அது 22.4 ஆகச் சரிந்தது. இது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு, சரிவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம் என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் தேர்ந்த கண்ணுக்கே இந்த ஐயம் எழுமென்றால் தேராத கண்ணின் கதி என்ன? மூத்தவர் மறப்பதற்காவது ஏதோ கற்றிருந்தார். இளையவர் கல்லாமலே தொடங்குவார்.

பதவுரையை மறைத்ததும் குறுந்தொகைப் பாட்டின்முன் திகைத்து நிற்கும் மாணவரைத் தமிழாசிரியர் எவரும் அறிவார். உரை குற்றமுடையதன்று, மூலத்தோடு மல்லுக்கட்டுமுன் அதைக் கையில் கொடுத்ததே குற்றம்.

கருவியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. மருத்துவக் கல்லூரிகளில் முதற்பயிற்சி கட்டமில்லாத திரையில் நடக்கட்டும். கருவியின்றிக் கண்டறியும் விகிதத்தைக் கணக்கிட்டுத் தேர்ச்சி அளிக்கட்டும். அதன்பின் கருவி வரட்டும்.

இந்த மலைமக்கள் இச்சோதனைக்கு மலையிறங்கித்தான் ஆகவேண்டும். இறங்கிச் சேரும் அரசு மருத்துவமனையில் அன்றைக்கு அக்கருவி இருக்குமென்று உறுதி தருபவர் யார்? அங்கே அவர்களுக்கு வாய்க்கப்போவது மருத்துவரின் கண்ணும் கையும்தான். அவற்றை மங்கவிட்டுக் கருவியைப் புகழ்வது யாருக்கான வளர்ச்சி?