கண்ணாடிக்கு வெளியே அம்மா - யார் போட்ட ரூல் இது?

குறைமாசத்துல பொறந்த குழந்தையை ஐசியூவுல வெச்சுட்டா, பல ஆஸ்பத்திரிகள்ல அம்மா கண்ணாடி வழியா எட்டிப் பார்த்துட்டுப் போகணும். அப்பாவுக்கு பில் கவுண்டர்தான். ஏன்னு கேட்டா ஒரே பதில்: "இன்ஃபெக்‌ஷன் ஆயிடும் சார்". அந்தப் பதிலைத்தான் இன்னைக்குக் கொஞ்சம் துவைக்கலாம்னு இருக்கேன்.

பிறந்த குழந்தையோட குடல் டவுன் பஸ் சீட் மாதிரி. முதல்ல துண்டு போடுறவனுக்குத்தான் இடம். நிறைமாசக் குழந்தைக்கு அம்மாவோட உடம்பு, தோல், தாய்ப்பால்ல இருந்து நல்ல பாக்டீரியாக்கள் வந்து துண்டு போடும். ஐசியூ குழந்தைக்கு? ஆன்டிபயாடிக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகின வார்டு கிருமிகள் முந்திக்கும். அம்மாவை வெளியே நிறுத்திட்டு யாரை உள்ளே விட்டிருக்கோம்?

சும்மா சொல்லலை மக்களே. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா (டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனை) - ஐந்து நாடுகளில், 1.8 கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த 3,211 குழந்தைகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021ல் வெளியானது. ஒரு குழுவில், பிறந்த உடனேயே ஐசியூவுக்குள் அம்மாவுக்கும் கட்டில் போட்டு நெஞ்சோடு அணைக்க வைத்தார்கள். இன்னொரு குழுவில், உடல்நிலை தேறிய பிறகுதான். 28 நாளுக்குள் இறப்பு முதல் குழுவில் 12 சதவீதம், அடுத்ததில் 15.7. ரத்தத்தில் கிருமி பரவியதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் 22.9 சதவீதம், அடுத்ததில் 27.8. அம்மா வந்தா இன்ஃபெக்‌ஷன் ஏறும்னா, இது எப்படிங்க இறங்குச்சு?

எல்லாப் புண்ணியமும் பாக்டீரியாவுக்கேன்னு சொல்ல மாட்டேன். கதகதப்பு, தாய்ப்பால், பக்கத்துலயே இருந்து பார்த்துக்கிறது எல்லாம் சேர்ந்ததுதான். "அப்ப அம்மா கிருமியைத் துணியில தொட்டுக் குழந்தை மேல தடவிடலாமே"ன்னும் கிளம்பிடாதீங்க. ஆய்வுக்கு வெளியே அது வேண்டாம்னு அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு 2017லேயே சொல்லியாச்சு. நெஞ்சோடு அணைக்க மட்டும் விட்டாலே போதும்.

இடமில்லை, வசதியில்லைன்னு சொல்றவங்களுக்கு: 1978ல் கொலம்பியாவின் போகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே இந்த முறையை ஆரம்பிச்சதே இன்குபேட்டர் பத்தலைன்னுதான். 2022லிருந்து உலக சுகாதார நிறுவனமே "பிறந்ததும் உடனே ஆரம்பிங்க"ன்னு சொல்லுது. கையைக் கழுவச் சொல்லுங்க, சளி காய்ச்சல்னா நிறுத்துங்க. மத்தபடி உள்ளே ஒரு கட்டில் போடுங்க சாமிகளா!

டாக்டர் பதிவர்கள் யாராவது இருந்தா, எந்த ஆதாரத்தை வெச்சு அம்மாவை வெளியே நிறுத்துறீங்கன்னு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க. மொத்து வாங்க ரெடி :-)