மாடு நமது, புல் யாருடையது?

மாட்டுப் பொங்கல் வந்தால் பிரிக்பீல்ட்ஸில் கரும்பு வாங்குகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த மாட்டுக்குப் புல் எங்கிருந்து வருகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் வேலை செய்த என் தாத்தா ஏழு மாடுகள் வைத்திருந்தார். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் மாடுகள் அங்கேதான் மேய்ந்தன. லயத்தில் மாடு வைத்திருந்தவர்களுக்குள் எழுதாத சட்டங்கள் இருந்தன. இளங்கன்று நட்ட பகுதியில் மாடு இறங்கக் கூடாது, ஓலையைத் தின்றுவிடும். மருந்து அடித்த நிரை எது என்று தண்டலிடம் கேட்டு வந்து, ஒருவர் எல்லாருக்கும் சொல்வார். ஒரே இடத்தில் எல்லா மாடும் நின்றால் புல் மொட்டையாகிவிடும் என்பதால் முறைபோட்டு இடம் மாற்றுவார்கள். மீறியவர் மாரியம்மன் கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கித் தர வேண்டும். தாத்தாவே இரண்டு முறை வாங்கினாராம். இது பாட்டி சொன்ன தகவல்!

பொது வளத்தை மக்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று 1990இல் நூலெழுதிக் காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்த விதிகளை அரசும் அதிகாரமும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார். நம்மவர்களுக்கு வாய்க்காதது அதுதான். ஒரு நாள் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. ஏழு மாடுகளும் ஒரே மாதத்தில் விற்கப்பட்டன.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் ஓர் உரிமையாக ஏற்றது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் முழுவதிலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. அங்கும் சிக்கல்தான், ஆனாலும் சட்டத்தில் ஒரு வரி இருந்தால் வாதாடவாவது இடமுண்டு.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. மாடு மண்ணை இறுக்கும், கன்றைக் கெடுக்கும். ஆனால் முறையாக மேய்த்தால் களையைத் தின்று மருந்துச் செலவைக் குறைக்கும் என்று செம்பனைக் காட்டில் மாடு வளர்க்க ஊக்குவித்ததும் இந்த நாட்டுக் கால்நடைத் துறைதானே!

தோட்டத் துண்டாடலைத் தடுக்க 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடக்கினார். தொழிலாளர்களின் சேமிப்பே தோட்டங்களை வாங்கியது. மேய்ப்பர்களும் கூட்டுறவாகப் பதிந்து, எந்தப் பகுதி, எத்தனை மாடு, எந்த மாதம் என்று நிர்வாகத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்ய முடியாதா? சட்டம் பயிலும் கழக நண்பர்கள் ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதித் தரலாம். தாத்தாவிடம் கேட்டு எழுதிய பதினொரு விதிகள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் நகல் எடுத்துத் தருகிறேன்.